மகள் மடுவம்

தமிழ்நாட்டுக் கூட்டத்துக்குக் கண்டியைச் சுற்றிக் காட்ட ஜெயராணியை விட்டால் ஆள் கிடையாது என்பது தாஸிம் நானாவின் முடிந்த முடிவு. கட்டுகஸ்தோட்டையில் அவருக்குச் சொந்தமாக வேன் இருக்கிறது. சீதை கோயில், முன்னேஸ்வரம், திருக்கேதீஸ்வரம் என்று யாத்திரை வருகிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் தொழில். வேனை அவர் ஓட்டுவார். பக்கத்துச் சீட்டில் ஜெயராணி மைக்கோடு உட்காருவாள். ஐம்பதைத் தொடப்போகிற வயது, ஒட்டிப்போன உடம்பு. குரல் மட்டும் மலைக்கு மலை கேட்கும். தேயிலைக் காட்டில் வளர்ந்த குரல் வேறு எப்படி இருக்கும்?

வேன் வாவியைச் சுற்றித் திரும்பும்போது ஆரம்பிப்பாள்.

"இந்தக் கொளத்த வெட்டினது யாரு? நம்ம ராஜா! அந்தா எட்டு மூலையா ஒரு மண்டபம் நிக்கிது பாருங்க, அதக் கட்டினது யாரு? நம்ம ராஜா! கண்டியோட கடேசி ராஜா தமிழ் பேசின ராஜாங்க. கண்ணசாமிங்கிறதுதான் அவரு பேரு. எங்கள பஞ்சம் பொழைக்க வந்தவங்கன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. நாங்க அவரு சனம்."

வேனில் கைதட்டல் எழும். மதுரைக்காரர்கள் விசில்கூட அடிப்பார்கள். ஜெயராணிக்கு அந்த ஒரு நிமிடம் போதும். அவள் பிறந்து வளர்ந்த ஹந்தானைத் தோட்டத்தில் 'நம்ம' என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. குடியிருக்கிற லயத்து வரிசை வீடு தோட்டத்தினுடையது. லயத்துக் கோடியில் தானாக முளைத்த கொய்யா மரம்கூடத் தோட்டத்தினுடையது. ஆள் செத்தால் புதைக்கிற குழியும் தோட்டத்துக் கணக்குத்தான். அப்படிப்பட்டவளுக்கு ஒரு ராஜாவையே 'நம்ம' என்று சொல்லக் கிடைத்தால் விடுவாளா?

சுற்றில் கடைசியாகக் காட்டுவது அரண்மனையின் பழைய கொலு மண்டபத்தை. செதுக்கிய மரத் தூண்கள் வரிசையாக நிற்கிற, சுவர் இல்லாத பெரிய மண்டபம். சிங்களத்தில் அதற்கு மகுல் மடுவ என்று பேர். 'மகுல்' என்றால் மங்கலம், 'மடுவ' என்றால் கொட்டகை. ஜெயராணி அந்தப் பேரைச் சொல்ல மாட்டாள். "இதுக்கு எங்க ஆளுங்க வச்ச பேரு மகள் மடுவம்" என்பாள். சிரிப்பு எழும்பும். பேர் வந்த கதையையும் சொல்லுவாள்.

கதை அவளுடைய அப்பா கறுப்பையாவின் கதை. அவரும் தம்பி சோலைமலையும் வாலிபர்களாக இருந்தபோது பெரஹரா ஊர்வலம் பார்க்க ஹந்தானையிலிருந்து இறங்கி வந்தார்கள். யாரோ மண்டபத்தைக் காட்டி "மகுல் மடுவ" என்றார்கள். இரண்டு பேர் காதிலும் அது 'மகள் மடுவம்' என்றுதான் விழுந்தது. அவர்களுக்குத் தெரிந்த மடுவம் ஒன்றுதான். தோட்டத்தில் பறித்த கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டி நிறுக்கிற தகரக் கொட்டகை. தராசு அங்கேதான் தொங்கும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை கழித்துக்கொள்வதும் அங்கேதான். தோட்டத்துப் பஞ்சாயத்தும் அங்கேதான், கூட்டமும் அங்கேதான். அப்படியொரு மடுவத்தை ராஜா தன் மகளுக்காக எவ்வளவு அழகாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார் என்று அண்ணனும் தம்பியும் வாய் பிளந்து நின்றார்கள். லயத்துக்குத் திரும்பி அதைச் சொல்ல, தோட்டமே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது. அர்த்தம் வேறு என்று பிறகு தெரிந்தபோதும் யாரும் மாற்றவில்லை.

வேனில் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவாள். மிச்சத்தைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மிச்சம் இதுதான். பெரிய ஆட்கள் இரண்டு நாட்டிலும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, மலைநாட்டுத் தமிழர்களை உனக்கு இத்தனை எனக்கு இத்தனை என்று பங்கு பிரித்துக்கொண்ட காலம். ஹந்தானையிலும் அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வந்து கொழுந்து மடுவத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். இந்தியாவா, இலங்கையா என்று ஆள் ஆளாகக் கேட்டு எழுதினார்கள். முந்தின நாளே கறுப்பையா தம்பியிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "நம்ம ராஜா ஆண்ட ஊருடா இது. நம்ம எதுக்குப் போகணும்? போறவன் போகட்டும்." தம்பியும் தலையாட்டினான். ஆனால் அவன் பெண்டாட்டி வீட்டார் எல்லோரும் இந்தியாவுக்கு எழுதிவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவன் மேசை முன்னால் போனதும் அதையே சொல்லிவிட்டான். அண்ணனிடம் சொல்லவும் இல்லை.

வருடக்கணக்கில் அதை மறைத்து வைத்திருந்தான். பயணத்துக்கு நாள் குறித்துக் கடுதாசி வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதைவிடப் பெரிய அடி, பெற்ற ஆத்தாவும் சின்னவனோடு போகிறேன் என்று மூட்டை கட்டியது. தலைமன்னாருக்குக் கோச்சி ஏறுகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழ ஊரே ஸ்டேஷனுக்குத் திரண்டு போனபோது, கறுப்பையா ஒருவர்தான் மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தார். ஜெயராணி அப்போது கைக்குழந்தை.

போனவர்கள் கூடலூர் மலையில் போய் விழுந்தார்கள். அங்கேயும் தேயிலைதான். இதற்கு எதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்று கடவுளிடம்தான் கேட்க வேண்டும். அடுத்த குளிருக்குள் ஆத்தா செத்துப்போனதாகக் கடிதம் வந்தது. கறுப்பையா மொட்டை போட்டுக்கொண்டார், கடிதத்துக்குப் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பிரிக்கக்கூட விடவில்லை. தம்பி பேரை யாராவது எடுத்தால், "ராஜா ஊர விட்டுட்டுப் போனவன் பேர எங்கிட்ட எடுக்காதீங்க" என்று எழுந்து போய்விடுவார்.

அந்த ராஜாவின் பேரால் அவர் பட்டது கொஞ்சமா? இலங்கைக்கு எழுதிக் கொடுத்தவருக்குப் பிரஜாவுரிமை வந்து சேரவே இல்லை. இரண்டு நாட்டிலும் இல்லாத ஆளாகப் பல வருடம் கிடந்தார். எண்பத்து மூன்றில் பொல்லும் தடியுமாக ஒரு கூட்டம் லயத்துக்கு வந்து, உங்கள் நாட்டுக்குப் போங்கடா என்று சிங்களத்தில் கத்தியது. தேயிலைச் செடிக்குள் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருந்தபோதும் அவர் அவள் காதில் அதையேதான் சொன்னார். "பயப்படாத ராணி. இது ராஜா ஊரு. நம்மள யாரு போகச் சொல்றது?" சிறுபிள்ளை ஜெயராணி நம்பினாள். யானையில் ராஜா வந்து அந்தக் கூட்டத்தை விரட்டுவார் என்றுகூட எதிர்பார்த்தாள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அவள் நல்லபடியாகத்தான் தேறினாள். தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் எடுத்தபோது அப்பாவின் பிரஜாவுரிமைத் துண்டு கேட்டார்கள். இல்லை. அவளோடு படித்து, அவளைப் பார்த்து எழுதியவள் டீச்சரானாள். இவள் கூடை தூக்கினாள். கட்டியவன் வேலைக்குக் கட்டார் தேசத்துக்குப் போனான், கட்டாரிலேயே இருந்துவிட்டான். அந்தக் கோபத்தையெல்லாம் அப்பா மேல் கொட்டப் போகும்போது, "நம்ம சனத்துக்கு இந்த ஊருல ஒரு உரிம இருக்குத்தா" என்று அவர் முகத்தை வைத்துக்கொள்கிற விதத்தில் வாய் அடைத்துப் போகும். அந்த முகத்துக்காகவே அவளும் ராஜாவை நம்பினாள். தாஸிம் நானாவின் வேனில் ஏறியபோது அவளிடம் இருந்த ஒரே முதல் அதுதான்.

கூடலூரிலிருந்து அழைப்பு வந்தது போன வருடம், ஆனி மாதத்தில். சோலைமலையின் மகன் சந்திரகுமார் எப்படியோ அவள் நம்பரைத் தேடிப் பிடித்திருந்தான்.

"அக்கா, அப்பாவுக்கு ரொம்ப முடியலக்கா. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு. டாக்டரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாரு. நெனவு இருக்கு. பெரியப்பாகிட்ட ஒரு வார்த்த பேசணும்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு. ஒரே ஒரு தடவ பேசச் சொல்லுங்கக்கா."

ஜெயராணி போனைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் நீட்டினாள். கறுப்பையாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண்ணுக்குத் திரை விழுந்தாலும் வீம்புக்குத் திரை விழவில்லை.

"யாரு?"

"சித்தப்பாப்பா. சாகக் கெடக்காரு."

"எனக்குத் தம்பி இல்ல."

"அப்பா, செத்தப்புறம் அழுது என்னா பிரயோசனம்?"

"நான் எதுக்கு அழுறேன்? ஊரும் வேணாம், ராஜாவும் வேணாம்னு போனவன். ஆத்தாளையும் கொண்டுபோயி அந்தக் குளிருல கொன்னுட்டான். வையி போன."

அவள் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், ஒரு நேரம் சோறு போடாமலும் பார்த்தாள். மனிதர் அசையவில்லை. சந்திரகுமார் இரண்டு நாளைக்கு ஒரு தரம் எடுப்பான். "இன்னிக்கும் முடியாதாக்கா?" என்பான். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும்.

இந்த நேரத்தில்தான் வேலூர்க் கூட்டம் வருகிறது என்று தாஸிம் நானா சொன்னார். வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டுபோன கண்டி ராஜாவை வைத்திருந்தது வேலூரில். அவர் செத்ததும் அங்கேதான். பாலாற்றங்கரையில் சமாதியும் இருக்கிறது. "அவங்க ராஜாவப் பத்தி நோண்டி நோண்டிக் கேப்பாங்க ராணி. நம்ம இன்ஷிராக்கிட்ட ஒருக்கா கேட்டு வச்சிக்கங்க" என்றார். இன்ஷிரா அவர் மகள். பேராதனையில் வரலாறு படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள்.

ஜெயராணி ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். இன்ஷிரா தேத்தண்ணியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு ராஜாவின் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். மதுரைப் பக்கத்து நாயக்கர் வம்சம், முந்தின ராஜாவின் ராணிக்குச் சொந்தக்காரப் பையன். பதினெட்டு வயதில் அவனைச் சிங்காசனத்தில் ஏற்றியது, தன் சொல்லுக்கு ஆடுவான் என்று நினைத்த ஒரு பெரிய மந்திரி. ஆடவில்லை என்றதும் பகை. வாவியைப் பற்றிக் கேட்டபோது இன்ஷிரா கொஞ்சம் தயங்கினாள்.

"அவரு வெட்டினதில்ல ராணி அக்கா. வெட்ட வச்சது. ராஜகாரியம் என்டு ஊர் ஊரா ஆள்களப் புடிச்சிட்டு வந்து, கூலி இல்லாம வேல வாங்கினது. மாட்டேன் என்டு சென்னவங்கள கழுவுல ஏத்தினதாச் செல்றாங்க. அடுத்து வந்து எதிரியாப் போன மந்திரிட சின்னப் புள்ளைகளக் கொன்னது, அரண்மனைக்குக் கிட்ட ஈக்கிற தேவாலக் கோயிலுக்குப் பக்கத்துல. யாவாரத்துக்கு வந்த எங்கட ஆள்கள்ட காது மூக்க வெட்டினதும் இவருட ஆட்சியிலதான். வெள்ளக்காரன் இல்லாததக் கூட்டிச் சென்னதும் ஈக்கி. ஆனா எல்லாமே பொய் இல்ல."

ஜெயராணி கடித்த தொதலைத் தட்டில் திரும்ப வைத்தாள். இத்தனை வருடமாக அவள் மைக்கில் 'நம்ம ராஜா' என்று கூவும்போதெல்லாம் தாஸிம் நானா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் சிரித்தபடிதானே இருந்தார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனிதர்.

ஆனாலும் கொடுமைக் கதையில் பாதியை அவள் முன்பே அரசல்புரசலாகக் கேட்டிருந்தாள். வேண்டாதவர்கள் கட்டியது என்று தள்ளியிருந்தாள். அவளை அடித்து வீழ்த்தியது அதற்குப் பிறகு வந்தது. மலைக்காட்டில் ஒளிந்திருந்த ராஜாவைப் பிடித்துக் கட்டி, ஏசி, இழுத்துக்கொண்டுபோன பிறகு வெள்ளைக்காரனும் கண்டிப் பிரதானிகளும் கொலு மண்டபத்தில் கூடி ஒப்பந்தம் போட்டார்கள். அதே மகுல் மடுவத்தில். அது அவளுக்குத் தெரியும். அதில் என்ன எழுதினார்கள் என்றுதான் ஒருநாளும் கேட்டதில்லை.

"ராஜாட வம்சத்துக்கு இனி உரிம இல்ல. அவருட சொந்தக்கார ஆம்புளயள் இந்தப் பக்கம் வந்தா எதிரி. அதோட, தொரத்தின மலபார் ஆம்புளயள் ஒருத்தரும் எழுத்துல அனுமதி இல்லாம கண்டி நாட்டுக்குத் திரும்பி வரப்படாது. வந்தா ராணுவச் சட்டம்."

"மலபார்னா?"

"தமிழ் பேசுற ஆள்களுக்கு அப்ப வெள்ளக்காரன் வச்ச பேரு." இன்ஷிரா கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அதுல ஒரு வேடிக்க ஈக்கி. கையெழுத்து வச்ச பிரதானிமார் சிலபேர் தமிழ் எழுத்துலதான் வச்சாங்க என்டு செல்லுவாங்க."

"எங்கள வராதன்னு தமிழ்லயே எழுதினாங்களா" என்று ஜெயராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவளுக்கே பிடிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கணக்குப் போட்டுப் பார்த்தாள். தமிழ் ஆம்பிளை கண்டிக்குள் கால் வைக்கக் கூடாது என்று எழுதிய அதே வெள்ளைக்காரன், பத்துப் பன்னிரண்டு வருடம் போவதற்குள் கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று தமிழ் ஆம்பிளைகளையும் பொம்பிளைகளையும் கூட்டம் கூட்டமாக நடத்திக்கொண்டு வந்தான். அவளுடைய முப்பாட்டன் வந்தது அப்படி வந்த ஒரு கூட்டத்தில். ராஜா போன பிறகு, ராஜாவை விரட்டினவன் கூட்டிக்கொண்டு வந்தது. ராஜாவுக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த மனிதருக்கு ஹந்தானை லயத்து ஆட்களைத் தெரிந்திருந்தால் வாவியில் மண் சுமக்க விட்டிருப்பார்.

அதைவிட அவளைக் குடைந்தது வேறொன்று. ராஜா இந்த ஊரில் வளர்ந்தவர். சிங்களப் பேரை வைத்துக்கொண்டார், ஊர்ச் சாமியைக் கும்பிட்டார், எட்டு மூலைப் பத்திரிப்புவ மண்டபத்தைக் கட்டினார். அப்படியிருந்தும் கடைசியில் வந்தேறி என்றுதான் கட்டி அனுப்பினார்கள். சிங்காசனத்தில் இருந்தவனுக்கே அந்தக் கதி. ராஜாவைக் காட்டி உரிமை கேட்க நினைத்த அப்பா எவ்வளவு பெரிய பைத்தியக்காரர்! அந்தப் பைத்தியத்துக்காகத் தம்பியைத் தொலைத்தார், ஆத்தாவைத் தொலைத்தார், மகளின் வேலையைத் தொலைத்தார். இன்னும் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறார்.

இதைச் சொன்னால் வீம்பு உடையும், தம்பியிடம் பேசுவார். ஆனால் வீம்பு உடைந்த பிறகு அப்பாவில் மிச்சம் என்ன இருக்கும்? அந்தப் பயம்தான் அவளைத் தடுத்தது. சோறு போடும்போது சொல்லலாம் என்று போவாள், குழம்பு ஊற்றிவிட்டுத் திரும்பிவிடுவாள். சந்திரகுமாரின் அழைப்பை எடுக்கவே பயமாகிவிட்டது.

வேலூர்க்காரர்கள் வரப்போகிறார்கள் என்று கேள்விப்பட்ட கறுப்பையா தானாகவே கிளம்பினார்.

"ராஜாவப் பொதச்ச ஊரு ஆளுங்களா? நானும் வர்றேன் ராணி. அவங்களப் பாத்து ஒரு கும்புடு போடணும்."

வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, வேனில் கடைசிச் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். வேலூர்ப் பெண்கள் அவரைத் தாத்தா, தாத்தா என்று கொண்டாடினார்கள். வேன் வாவியைச் சுற்றியது. ஜெயராணி மைக்கை எடுத்தாள்.

"இந்தக் கொளத்த வெட்டினது..." என்றவள் நிறுத்தினாள். பதிலை ஊகித்துக் கூட்டம் கைதட்டத் தயாராக இருந்தது. "கூலி இல்லாம புடிச்சிட்டு வந்த ஏழ சனங்க வெட்டினதுங்க. ராஜா வெட்டச் சொன்னாரு, அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. தாஸிம் நானா திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். பின்சீட்டில் கறுப்பையா காதில் கையை வைத்துக் குனிந்தார்.

எத்தனையோ வருடமாகப் பார்க்கிற தண்ணீர்தான். இத்தனை நாளும் கரைச் சுவரின் அலை அலையான அழகை மட்டும் காட்டியிருக்கிறாள். இன்றைக்கு அதன் அடியில் மண் கூடை சுமக்கிறவர்கள்தான் கண்ணில் நின்றார்கள். அவர்கள் சிங்களச் சனங்கள். ஆனாலும் தலையில் கூடை இருக்கிறவர்கள் எல்லோரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரித்தான் பட்டது. எட்டு மூலை மண்டபத்தைத் தாண்டும்போது ஒன்றும் சொல்லாமலே போனாள். தேவாலக் கோயில் பக்கம் வந்தபோது அந்தப் பிள்ளைகள் நினைவு வந்து, மைக்கை மடியில் போட்டுக்கொண்டாள்.

மகுல் மடுவத்தில் எல்லோரும் இறங்கினார்கள். கறுப்பையாவை ஒரு படி ஓரத்தில் உட்கார வைத்தாள். தூணின் கல் பாதத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர்தான் கேட்டார்.

"ஏம்மா, ராஜாவப் பிடிச்ச கையோட இங்கதான ஒப்பந்தம் போட்டாங்க? அதுல என்ன எழுதியிருந்தாங்க?"

அவள் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மகள் மடுவம் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கலாம். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெருமை முகம். அதைப் பார்த்ததும் இரக்கத்துக்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. கூடலூரில் ஒருவர் மூச்சை இழுத்துக்கொண்டு கிடக்கிறார், இவருக்குத் தூண் கேட்கிறது. இன்ஷிரா சொன்னதை ஒன்றுவிடாமல் மைக்கில் சொன்னாள். குரல் தூணுக்குத் தூண் மோதியது. மலபார் என்ற சொல்லின் அர்த்தத்தையும் சொன்னாள். ராணுவச் சட்டத்தையும் சொன்னாள்.

"தோட்டத்துல மடுவம்னா நிறுக்கிற எடம்ங்க. இதுவும் மடுவந்தான். இங்க வச்சுத்தான் எங்கள மொதல்ல நிறுத்தாங்க. கழிக்கிறத முழுசாக் கழிச்சிட்டாங்க."

கீழே படியிலிருந்து கறுப்பையாவின் குரல் வந்தது.

"அப்ப நாம யாரு ராணி?"

"நாம அதுக்குப் பொறவு வந்தவங்கப்பா. வெள்ளக்காரன் கூட்டிட்டு வந்தவங்க. ராஜாவுக்கு நம்மளத் தெரியவே தெரியாது."

வேலூர்ப் பெண் ஒருத்தி மனம் உருகிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப நீங்க எங்க ஆளுங்கதானே தாத்தா! இங்க ஏன் கெடந்து கஷ்டப்படுறீங்க? பேசாம உங்க நாட்டுக்கே வந்துடுங்களேன்" என்றாள்.

பாசமாகத்தான் சொன்னாள். எண்பத்து மூன்றில் தடியோடு வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். கறுப்பையா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை மெல்ல உருவிக்கொண்டார்.

"ராணி, அவனுக்குப் போன் போடு" என்றார்.

சந்திரகுமார் முதல் மணியிலேயே எடுத்தான். பெரியப்பா பேசுகிறார் என்றதும் அந்தப் பக்கம் ஒரே அழுகையும் ஆரவாரமும். பிறகு இழுத்து இழுத்து மூச்சுவிடுகிற சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

"அண்ணே."

கறுப்பையா போன் பக்கம் குனிந்தார். ஐம்பது வருடத்துக்குப் பக்கமாகப் பேசாதவர் கேட்டது என்ன தெரியுமா? "சோல, அங்க ஒன்ன என்னான்னுடா கூப்புடுறாங்க?"

"சிலோன்காரன்னு." மூச்சு வாங்கியது. "இன்னமும் சிலோன்காரந்தாண்ணே. நம்ம தெருவுக்கே சிலோன் காலனின்னுதான் பேரு. ஒன்ன?"

"என்னய இந்தியாக்காரன்னு."

இரண்டு கிழவர்களும் சிரித்தார்கள். ஒருவருக்கு இருமலில் முடிந்தது. ஜெயராணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளால் சிரிக்க முடியவில்லை.

"நான் யாருகிட்டயும் தாழ்ந்து போகலண்ணே" என்றது அந்தக் குரல். "யாராச்சும் அகதின்னு சொன்னா சொல்லுவேன், டேய், எனக்குக் கண்டியில ஊரு இருக்கு, எங்க ராஜா ஆண்ட ஊரு, எங்கண்ணன் அத விடாமக் காத்துக்கிட்டு இருக்கான்னு. அதச் சொல்லிச் சொல்லித்தான் இத்தன காலம் ஓட்டினேன். அண்ணே, மகள் மடுவம் இருக்கா?"

கறுப்பையா கல் பாதத்தில் மறுபடி கையை வைத்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் கேட்டதெல்லாம் அவர் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது.

"இருக்குடா" என்றார். "அதுலதான் கை வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். எல்லாம் நம்மளுதுதான். நீ ஒண்ணும் யோசிக்காத."

போன் அணைந்த பிறகு அவர் எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருந்தது. "அவங்கிட்ட இதச் சொல்லிராத" என்றார்.

"சொல்ல மாட்டேன்பா."

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்தப் பொய்யை நம்பவில்லை என்றுதானே ஒரு ஆயுள் முழுக்க அப்பா அந்த மனிதரைத் தள்ளி வைத்தார்? கடைசியில் அவரும் கடலுக்கு அந்தப் பக்கம் அதே பொய்யைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ஆனால் யாரை ஏசுவது? ராஜா செத்து இருநூறு வருடம் ஆகப்போகிறது.

ஆடி பிறப்பதற்கு முன்பே சோலைமலை போய்விட்டார். சந்திரகுமார் சொல்லி அழுதான். கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் "எங்கண்ணன் பேசிட்டான், ஊரு நம்மகிட்டதான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஜெயராணி அதை அப்பாவிடம் அப்படியே சொன்னாள். கறுப்பையா லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டார். அழவில்லை. எழுந்து உள்ளே போகும்போது, "அவனாச்சும் நம்பிக்கிட்டே போனான்" என்றார்.

அதற்குப் பிறகு அவரைக் கண்டிக்கு இறக்க முடியவில்லை. பெரஹராவுக்குக் கூப்பிட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஜெயராணி இன்னும் மைக்கோடு போகிறாள், வேறு பிழைப்பு இல்லை. மண்டபத்துக்கு முன்னால் இறங்கி யாராவது இதன் பேர் என்ன என்று கேட்டால், மகுல் மடுவ என்று சிங்களத்தில் இருக்கிறபடியே சொல்கிறாள்.